இயந்திரம் வந்தது, சபை வரவில்லை

கரியின் நூற்றாண்டுகள் – வரலாற்றுத் தொடர்: 12

ஜெர்மனி தொழில் நாடாக எழுந்த கதையைச் சென்ற இதழ்வரை ரூர் பள்ளத்தாக்கில் நின்று பார்த்தோம். சிதறிக் கிடந்த சிற்றரசுகளை 1834இல் ஒரே சந்தையாக்கிய சுங்க ஒன்றியம், மறு ஆண்டே நியூரம்பெர்க்கிலிருந்து ஃபூர்த்துக்கு ஓடிய முதல் ரயில், எஸ்ஸன் நகரத்துக் க்ரூப் ஆலை, 1890களில் எஃகு உற்பத்தியில் பிரிட்டனையே முந்தியது என்று அந்தப் பாதை விரிந்தது. அது முழுக்கக் கருநிலக்கரியின் கதை. அதே நாட்டுக்குப் பழுப்பு நிலக்கரியின் கதை ஒன்றும் உண்டு. அதை இந்த இதழுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். காரணம், அந்தக் கதையின் ஒரு கிளை விருத்தாசலத்துக்கும் கடலூருக்கும் நடுவே, முந்திரித் தோப்புகள் சூழ்ந்த செம்மண் பூமியில் வந்து இறங்கியிருக்கிறது. நெய்வேலியை விட்டுவிட்டுப் பழுப்பு நிலக்கரியைப் பற்றி ஒரு தமிழ் வாசகரிடம் பேச எனக்கு மனம் வரவில்லை.

முதலில் பொருளின் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். பழுப்பு நிலக்கரி முழுதாக முற்றாத கரி. எடையில் ஏறக்குறையப் பாதி ஈரம். நெய்வேலிக் கரியின் வெப்பத் திறன் கிலோவுக்குச் சுமார் 2,600 கிலோ கலோரி; நல்ல கருநிலக்கரியில் பாதிகூடத் தேறாது. இதை ரயிலில் ஏற்றித் தொலைவுக்கு அனுப்பினால் பாதிக் கூலி தண்ணீருக்குப் போய்ச் சேரும். குவித்து வைத்தால் தானாகவே தீப்பிடிக்கும். ஆகவே வெட்டிய இடத்திலேயே எரிக்க வேண்டும். கருநிலக்கரி ஆலைகளைத் தேடிப் போனது; பழுப்பு நிலக்கரியோ ஆலைகளையும் ஊர்களையும் தன் குழியின் வாய்க்கே இழுத்துக்கொண்டது. அது வெளியே அனுப்புவது மின்சாரத்தை. வைத்துக்கொள்வது குழியையும் சாம்பலையும்.

இந்த இழுப்பு என்ன செய்யும் என்பதை ஜெர்மனியின் நடுப்பகுதி முதலில் காட்டியது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை வழிமறித்ததால் சிலி நாட்டு வெடியுப்பு ஜெர்மனிக்கு வரவில்லை. வெடிமருந்துக்கும் உரத்துக்கும் அம்மோனியா வேண்டும். 1916இல் மெர்ஸெபுர்க் அருகே லாய்னாவில், பழுப்பு நிலக்கரி வயல்களின் பக்கத்திலேயே பிஏஎஸ்எஃப் நிறுவனம் பெரிய அம்மோனியா ஆலையை எழுப்பியது. கரிப்பொடியைக் காற்றோட்டத்தில் மிதக்கவிட்டு வாயுவாக்க ஃபிரிட்ஸ் விங்க்லர் உருவாக்கிய கலன் 1920களின் நடுவில் அந்த ஆலையில்தான் பெரிய அளவில் இயங்கத் தொடங்கியது. 1927இல் அங்கே பழுப்பு நிலக்கரியிலிருந்து பெட்ரோலே வந்தது. எண்ணெய்க் கிணறு இல்லாத நாடு மண்ணைப் பிழிந்து எண்ணெய் எடுத்தது என்று உலகம் வியந்தது. ஹிட்லரின் போர் வண்டிகள் ஓடியது பெருமளவு இந்தச் செயற்கை எரிபொருளில்தான் என்பதையும், லாய்னாவில் அடிமைத் தொழிலாளர்கள் வதைபட்டார்கள் என்பதையும் அந்த வியப்போடு சேர்த்தே எழுத வேண்டும்.

1945க்குப் பிறகு நாடு இரண்டானது. ரூரின் கருநிலக்கரி முழுவதும் மேற்கில் நின்றது. கிழக்கு ஜெர்மனிக்கு லாய்னாவைச் சுற்றியும் லவுஸிட்ஸ் பகுதியிலும் இருந்த பழுப்பு நிலக்கரிதான் கதி. 1980களின் நடுவில் அந்தச் சிறிய நாடு ஆண்டுக்கு 30 கோடி டன்னுக்கு மேல் வெட்டியது; உலகில் வேறெந்த நாடும் அவ்வளவு பழுப்பு நிலக்கரி எடுக்கவில்லை. லவுஸிட்ஸில் தனி மொழி பேசும் ஸோர்பியர் என்ற சிறுபான்மையினரின் ஊர்கள் உட்பட நூற்றுக்கு மேற்பட்ட கிராமங்கள் சுரங்கத்துக்குள் போயின. திட்டக்குழு தீர்மானித்தது, ஊர் நகர்ந்தது. வேண்டாம் என்று சொல்ல அங்கே ஓர் இடம் இல்லை.

மேற்கில் கொலோனுக்கும் ஆஹனுக்கும் நடுவே ரைன்லாந்திலும் பழுப்பு நிலக்கரி இருந்தது. போருக்குப் பின் அங்கேயும் சிறு குழிகள் பெருங்குழிகளாயின. பல நூறு அடி ஆழம்வரை போயின. அங்கேயும் ஊர்கள் அழிந்தன. ஆனால் குழி ஆழமாவதற்கு முன்பே இரண்டு ஏற்பாடுகள் நடந்தன. இந்த இதழின் மையம் அந்த இரண்டும்தான். கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

1950 ஏப்ரலில் நார்த் ரைன்–வெஸ்ட்ஃபாலியா மாநிலம் பழுப்பு நிலக்கரிப் பகுதியின் ஒட்டுமொத்தத் திட்டமிடலுக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. அதன்படி ஒரு குழு அமைந்தது. அரசு அதிகாரிகளும் சுரங்க நிறுவனமும் மட்டுமல்லாமல் உள்ளாட்சிகள், தொழிற்சங்கம், விவசாயிகள் தரப்பு ஆகியோரும் அதில் உட்கார்ந்தார்கள். எந்தப் பக்கம் வெட்டுவது, எந்த ஊரை எங்கே கொண்டுபோய் வைப்பது, வெட்டி முடித்த குழியை வயலாக்குவதா காடாக்குவதா என்பதெல்லாம் அந்த மேஜைக்கு வந்தே தீர வேண்டும். எட்டு ஆண்டு கழித்து, 1958இல், இன்னொரு சட்டம். எர்ஃப்ட் ஆற்றுப் படுகையின் நீருக்கென்று ஒரு சங்கம் பிறந்தது. ஆழக் குழி வெட்ட நிலத்தடி நீரை இறைத்தே ஆக வேண்டும். இறைத்தால் சுற்றுவட்டாரக் கிணறுகள் வற்றும். அந்த இழப்பை அளப்பதும், குடிநீருக்கு மாற்று வழி செய்வதும், செலவைச் சுரங்கத்திடம் வாங்குவதும் அந்தச் சங்கத்தின் வேலை. நகராட்சிகள், நீர் வழங்குவோர், ஆலைகள், சுரங்கம் எல்லாரும் அதில் உறுப்பினர்கள்.

ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: 1950, 1958. நெய்வேலி பிறந்ததும் அதே ஆண்டுகளில்தான்.

*

நம் பக்கத்தில் கரி இருக்கும் தடயம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கிடைத்துவிட்டது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியின் பாகூர், அரங்கனூர் பக்கம் ஊற்றுக் கிணறுகளுக்காகத் துளையிட்டபோது 1880களில் பழுப்பு நிலக்கரி தட்டுப்பட்டது. அது அறிவியல் குறிப்போடு நின்றது. 1930களின் நடுவில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டினார். நீரோடு கரிய பொருள் வெளியே வந்தது. அவர் அதை அப்படியே விட்டுவிடாமல் அரசின் கவனத்துக்குக் கொண்டுபோனார். பின்னாளில் தம் நிலத்தையும் திட்டத்துக்குக் கொடுத்தார். 1940களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை துளையிட்டுப் பார்த்தது. 1951க்குப் பிறகு எச். கே. கோஷ் என்ற சுரங்கப் பொறியாளர் படுகையின் பரப்பை விரிவாக மதிப்பிட்டார். 200 கோடி டன் என்ற கணக்கு வந்தது. 1953இல் மாதிரிக் குழி வெட்டப்பட்டது.

இந்தக் கண்டுபிடிப்பின் கனம் புரிய வேண்டுமானால் அன்றைய சென்னை மாகாணத்தின் நிலையை நினைக்க வேண்டும். நம்மிடம் கரி கிடையாது. ஜாரியா, ராணிகஞ்ச் சுரங்கங்களிலிருந்து ரயிலிலும் கப்பலிலும் வந்தால்தான் உண்டு. மின்சாரத்துக்குப் பைக்காரா (1932), மேட்டூர் (1937), பாபநாசம் (1944) என்று அருவியையும் அணையையும் நம்பியிருந்தோம். பைக்காரா மின்சாரம் வந்த பிறகே கோயம்புத்தூர் பஞ்சாலைகள் பெருகின என்பது பலரும் அறிந்த கதை. ஆனால் மழை பொய்த்தால் மின்வெட்டு. நீரை நம்பிய தொழில் வானத்தைப் பார்த்தே நடந்தது. வானத்தை நம்பாத மின்சாரம் மாகாணத்துக்குள்ளேயே கிடைக்கும் என்று முதல்முறை சொன்ன இடம் நெய்வேலி. 1954இல் முதலமைச்சரான காமராஜர் அதை விடாமல் பற்றிக்கொண்டதற்குக் காரணம் இதுவே. 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கழகம் நடுவணரசின் நிறுவனமாகப் பதிவானது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார்.

அந்தப் பத்தாண்டில் இந்தியா எஃகு ஆலைகளுக்கு அந்நிய உதவி தேடியது: ரூர்கேலாவுக்கு மேற்கு ஜெர்மனி, பிலாய்க்கு சோவியத், துர்காபூருக்கு பிரிட்டன். மூன்று ஊர், மூன்று நாடு. நெய்வேலியில் மூன்றும் ஒரே குழியருகே கூடின. திட்ட அறிக்கையை எழுதியது பிரிட்டனின் பவல் டஃப்ரின். அனல்மின் நிலையத்தைக் கட்ட உதவியது சோவியத். மண்ணை வெட்டும் பூதங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன. பனிப்போரின் உச்சத்தில் பெர்லினில் சுவர் எழுந்த அதே 1961 ஆகஸ்டில், ஜெர்மன் இயந்திரங்கள் வெட்டிக் கொடுத்த குழியில் நெய்வேலியின் கரிப்படுகை முதன்முதலாக வெளிச்சம் கண்டது. மறு ஆண்டு மே மாதம் சோவியத் உலையில் அது எரிந்து மின்சாரமாயிற்று. ஒன்றோடொன்று பேசாத இரு முகாம்களும் நெய்வேலியில் ஒரே கன்வேயர் பெல்ட்டின் இரு முனைகளில் நின்றன. நேருவின் அணிசேராக் கொள்கையை விளக்க இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

அந்தப் பூதமான வாளிச் சக்கர இயந்திரத்தைப் பார்த்திராதவர்களுக்காக: கப்பல் அளவு உடல், நீண்ட கையின் நுனியில் ஒரு பெருஞ்சக்கரம், சக்கரத்தின் விளிம்பில் வரிசையாக வாளிகள். சக்கரம் சுழலச் சுழல ஒவ்வொரு வாளியும் மண்ணைக் கடித்து பெல்ட்டில் கொட்டும். மறுமுனையில் பரப்பும் இயந்திரம் அதை வெட்டி முடித்த குழியில் கொட்டிக்கொண்டே போகும். நெய்வேலிக்கு முதலில் வந்தவை 350, 700 லிட்டர் வாளிகள். பின்னர் 1,400 லிட்டர். ரைன்லாந்தின் இளகிய மணலுக்கும் களிமண்ணுக்கும் பழகிய பற்கள் இவை. நெய்வேலியில் கரிக்கு மேலே கிடந்தது கடலூர் மணற்கல். கெட்டியான, அரத்தைப் போல் தேய்க்கும் கல். பற்கள் மளமளவென்று தேய்ந்தன, முறிந்தன. ஒரு டன் கரிக்கு ஐந்து கன மீட்டருக்கு மேல் இந்த மண்ணை அகற்றியாக வேண்டும் என்ற நிலையில் இது சிறிய தொல்லை அல்ல. திட்டமே நின்றுவிடக்கூடிய ஆபத்து. கல்லை முன்கூட்டியே துளையிட்டு வெடித்துத் தளர்த்துவது, பற்களின் உலோகத்தையும் வடிவத்தையும் மாற்றுவது என்று இங்கேயே வழி கண்டார்கள். நேற்றுவரை கமலை இறைத்த குடும்பத்துப் பிள்ளைகள் அந்த இயந்திரத்தின் அறையில் உட்கார்ந்து மூன்று ஷிப்டும் ஓட்டினார்கள். ஜெர்மனி விற்ற இயந்திரத்தை ஜெர்மனி அறியாத மண்ணில் ஓட வைத்தது நெய்வேலியின் தொழிலாளர்களும் பொறியாளர்களும். தொழில் வரலாற்றில் இதற்கு நாம் இன்னும் போதிய மரியாதை செய்யவில்லை என்பது என் எண்ணம்.

மேலே கல் என்றால் கீழே தண்ணீர். கரிப்படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீர்த்தாங்கி இருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ என்ற அளவில் அது மேல்நோக்கி அழுத்துகிறது. மேல்மண்ணை எடுத்துவிட்டால் கரிப்படுகையின் எடை மட்டும் அந்த நீரைத் தாங்காது. தரை வெடித்துக் குழி மூழ்கும். எனவே சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் இறக்கி, இரவு பகல் நிறுத்தாமல் இறைத்து, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வெட்ட வேண்டும். நெய்வேலியில் இயந்திரம் ஒரு நாள் ஓய்வெடுக்கலாம், பம்பு ஓய்வெடுக்கக் கூடாது. ஜம்புலிங்க முதலியார் காலத்தில் இந்த வட்டாரத்தில் தோண்டினால் நீர் தானே பொங்கி வந்தது. அந்த அழுத்தத்தை இறக்குவதே சுரங்கத்தின் முதல் வேலை என்று ஆனபோது, விவசாயியின் கிணற்றைத் தொட்டாயிற்று.

*

விளைந்த நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். முதல் அனல்மின் நிலையம் 1970இல் 600 மெகாவாட்டை எட்டியது. அது முழுவதும் தமிழ்நாட்டுக்கு. கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகளும், எண்ணூர், ஆவடி, பெரம்பூர் தொழிற்சாலைகளும், திருச்சி கொதிகலன் ஆலையும் வளர்ந்த காலம் அது. மாநிலமெங்கும் கமலையும் ஏற்றமும் போய் மோட்டார் பம்பு வந்த காலமும் அதுதான். கரியே இல்லை என்று கைவிரித்த மாநிலம் இந்தியாவின் முன்னணித் தொழில் மாநிலங்களில் ஒன்றானதற்கு நெய்வேலியின் பங்கு அடித்தளத்தில் இருக்கிறது. பிறகு இரண்டாம் சுரங்கமும் 1,470 மெகாவாட் இரண்டாம் அனல்மின் நிலையமும் வந்தன; அந்த மின்சாரம் கேரளம், கர்நாடகம், ஆந்திரம், புதுச்சேரிக்கும் போயிற்று.

லாய்னாவும் நெய்வேலிக்கு வந்தது. விங்க்லரின் முறையில் பழுப்பு நிலக்கரியை வாயுவாக்கி யூரியா தயாரிக்கும் உர ஆலை 1960களில் இங்கே எழுந்தது. கரியைக் கட்டிகளாக்கி அடுப்பெரிக்க விற்ற லெக்கோ ஆலையும் உண்டு. அந்தத் தலைமுறைத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் அடுப்பில் அது எரிந்திருக்கிறது. இரண்டும் பின்னாளில் மூடப்பட்டன. ஜெர்மனியில் பழுப்பு நிலக்கரியைச் சுற்றி ரசாயனத் தொழிலும் இயந்திரத் தொழிலும் தழைத்தன. குழியில் பிறந்த அறிவு குழிக்கு வெளியே போய்ப் பல மடங்கு பெருகியது. வாளிச் சக்கரத்தை அந்த நாடு உலகுக்கும் விற்றது. நெய்வேலியிலோ பல கிளைகளோடு தொடங்கிய திட்டம் காலப்போக்கில் கரி, மின்சாரம் என்ற இரண்டு தண்டுகளாகச் சுருங்கிவிட்டது. கற்பித்த நாட்டுக்கும் கற்ற நாட்டுக்கும் உள்ள வேறுபாடுகளில் இது ஒன்று. ஆனால் முதன்மையானது இதுவல்ல.

நிலம் எடுத்த விதம்தான் முதன்மையானது. நெய்வேலித் திட்டத்துக்கு நிலம் எடுக்க அரசு பயன்படுத்தியது 1894ஆம் ஆண்டின் நிலக் கையகப்படுத்தல் சட்டம். வெள்ளையர் ரயில் பாதைக்கும் வாய்க்காலுக்கும் நிலம் எடுக்க எழுதியது. அதில் நிலத்துக்கு விலை உண்டு. ஊருக்கு விலை இல்லை. பட்டாதாரருக்குப் பணம் உண்டு. அவர் நிலத்தில் வேலை செய்த நிலமற்ற கூலிக்காரருக்கு ஒன்றும் இல்லை. ரைன்லாந்தில் பெரன்ராட் என்ற ஊரை 1950களில் நகர்த்தியபோது ஊராரைச் சேர்த்தே நகர்த்திப் புதிய பெரன்ராட் கட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக்காரராகவே இருந்தார். நெய்வேலிப் பக்கத்தில் குடும்பங்கள் கிடைத்த இடத்துக்குச் சிதறின. மனை கிடைத்தவர்களில் பலர் பட்டாவுக்காகப் பல ஆண்டு அலைந்தார்கள். அகன்ற சாலைகள், வரிசை மரங்கள், பள்ளிகள், மருத்துவமனை, வட்டம் வட்டமாகப் பிரித்த குடியிருப்பு என்று டவுன்ஷிப் எழுந்தது. இந்தியாவின் சிறந்த திட்டமிட்ட ஊர்களில் ஒன்று அது. நிலம் கொடுத்தவர்களில் நிரந்தர வேலை கிடைத்தவர்கள் அதற்குள் குடியேறினார்கள். மற்றவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களாக அதன் வாசல்வரை வந்து போனார்கள். 2020 ஜூலை 1 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்துப் பத்துக்கு மேற்பட்டோர் இறந்தபோது அவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் இருந்தார்கள்.

1950இல் ரைன்லாந்து அமைத்த மேஜை போன்ற ஒன்று நெய்வேலியில் இருந்திருந்தால் இவை எல்லாமே நடந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. ரைன்லாந்திலும் பல பத்தாயிரம் பேர் ஊரை இழந்தார்கள். இம்மெராட் ஊரின் பெரிய தேவாலயத்தை 2018 ஜனவரியில் இடித்ததைப் பார்த்து ஜெர்மனி கலங்கியது. மேஜை ஊரைக் காப்பாற்றவில்லை. ஆனால் என்ன இழக்கப் போகிறோம், எப்போது, எதற்கு ஈடாக என்பதை ஊர் முன்கூட்டியே அறிந்தது, கேள்வி கேட்டது, அந்தக் கேள்விக்குப் பதில் எழுத்தில் வந்தது. நீருக்கும் அப்படியே. எர்ஃப்ட் சங்கம் கிணறுகளின் மட்டத்தைப் பதிவு செய்தபோது அந்தக் கணக்கு சுரங்கத்தின் கணக்கு மட்டும் அல்ல. எதிர்த்தரப்பும் உட்கார்ந்து பார்த்த கணக்கு.

நெய்வேலியில் நீர் கதை வேறு விதமாகப் போனது. இறைத்த நீர் ஓடைகள் வழியே வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய்ப் பாசனமாயிற்று. அந்த ஆயக்கட்டில் அதனால் பயன் பெற்றவர்கள் உண்டு, அதை மறைக்கக் கூடாது. சென்னை தாகத்தால் தவித்தபோது நெய்வேலி நீர்த்தாங்கியிலிருந்தும் குழாய் வழியே தலைநகருக்குத் தண்ணீர் போனது. இன்னொரு பக்கம், கிணற்றை மேலும் மேலும் ஆழப்படுத்திக் கடன்பட்டவர்களும் உண்டு. யாருக்கு எவ்வளவு, யார் செலவில் என்று எல்லாரும் கூடித் தீர்மானிக்கும் அமைப்பு மட்டும் இல்லை. நிறுவனமும் மாவட்ட நிர்வாகமும் கூட்டம் போட்டார்கள். விவசாயி மனு கொடுத்தார். மேஜையின் இந்தப் பக்கம் அவர் நின்றாரே தவிர நாற்காலி கிடைக்கவில்லை.

மாநிலத்துக்கு நெய்வேலி மேல் அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2006இல் நடுவணரசு நிறுவனத்தின் 10 சதவீதப் பங்குகளை விற்க முனைந்தபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலமைச்சர் கருணாநிதி கூட்டணியையே பணயம் வைத்தார். பிரதமர் மன்மோகன் சிங் எல்லாப் பங்கு விற்பனைகளையும் நிறுத்திவைத்தார். 2013இல் பங்கை விற்றே ஆக வேண்டும் என்ற விதியின் கெடு வந்தபோது, முதலமைச்சர் ஜெயலலிதா 3.56 சதவீதப் பங்குகளைத் தமிழக அரசு நிறுவனங்களே வாங்கும்படி செய்தார். இருவேறு கட்சிகள், ஒரே உறுதி. ஆனால் இரண்டு போராட்டமும் நிறுவனம் யாருடையது என்பதைப் பற்றியவை. குழி வெட்டும் முடிவில் குழியோரத்து ஊருக்கு என்ன பங்கு என்ற கேள்வி அந்த இரண்டிலும் எழவில்லை.

அந்தக் கேள்வி 2023இல் எழுந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் ரைன்லாந்தின் லூட்ஸெராட் என்ற சிற்றூரைக் காலி செய்ய ஆயிரத்துக்கு மேற்பட்ட போலீசார் இறங்கினர். உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த சூழலியல் போராளிகள். ஊர்க்காரர்கள் முன்பே வெளியேறியிருந்தார்கள். ஆறு மாதம் கழித்து ஜூலையில் நெய்வேலிச் சுரங்கத்தையொட்டிய வளையமாதேவியில் பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்ட, நட்டு வளர்ந்து நின்ற நெற்பயிருக்குள் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது என்றது நிறுவனம். இழப்பீடு தீரவில்லை, வேலை தரவில்லை, பயிர் எங்களுடையது என்றார்கள் விவசாயிகள். போராட்டம் கலவரத்தில் முடிந்தது. உயர் நீதிமன்றம் பயிர்ச் சேதத்துக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரச் சொன்னது. அறுவடைக்கு இரண்டு மாதம் காத்திருக்கலாமா என்ற ஒரே ஒரு கேள்வியைத் தீர்க்க நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. உழவரும் உட்கார்ந்த ஒரு குழு இருந்திருந்தால் அது ஒரு மாலைக் கூட்டத்தில் முடிந்திருக்கும்.

அதே ஆண்டு மார்ச் இறுதியில் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே உள்ள பகுதி, மைக்கேல்பட்டி, வடசேரி என்று காவிரி டெல்டாவின் மூன்று படுகைகளை நடுவணரசு ஏலப் பட்டியலில் சேர்த்தது. 2020இல் சட்டமன்றம் நிறைவேற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைக் காட்டி மாநிலம் எதிர்த்தது. சில நாட்களில் மூன்றும் நீக்கப்பட்டன. கரி இருக்கிறது என்பதாலேயே வெட்டிவிட முடியாது என்ற நிலைக்கு டெல்டா வந்துவிட்டது. நெய்வேலியின் குழியோர ஊர்கள் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை.

ஜெர்மனி இப்போது பழுப்பு நிலக்கரியை விட்டு விலகும் கட்டத்தில் இருக்கிறது. 2018இல் அமைத்த குழுவில் நிறுவனங்கள், தொழிற்சங்கங்கள், சூழலியலாளர்கள், கரிப் பகுதி மக்கள் எல்லாரும் இருந்தார்கள். 2020இல் சட்டம் வந்தது: கடைசிக் கரி அனல்மின் நிலையம் 2038க்குள் மூடப்படும், ரைன்லாந்துக்கு அது பிறகு 2030 என்று முன்னே நகர்ந்தது. கரிப் பகுதிகள் வேறு தொழிலுக்கு மாற 4,000 கோடி யூரோவரை ஒதுக்கியிருக்கிறார்கள். 1950இல் போட்ட மேஜையின் நீட்சியாகவே இதைப் பார்க்கிறேன். கூடிப் பேசித் தொடங்கிய பகுதிக்குக் கூடிப் பேசி முடிக்கவும் தெரிந்திருக்கிறது. லவுஸிட்ஸ் அப்படித் தொடங்கவில்லை. இரு ஜெர்மனிகளின் இணைப்புக்குப் பிறகு 1990களில் அங்கே சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சடசடவென மூடப்பட்டபோது வேலையிழந்த ஊர்களின் கசப்பு இன்றுவரை அந்தப் பகுதியின் அரசியலில் தெரிகிறது.

நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 2020இல் ஓய்வு பெற்றது. அதற்கு ஈடாக 1,000 மெகாவாட் புதிய நிலையம் வந்துவிட்டது. அது இன்னும் பல பத்தாண்டு எரியும். அதுவரை பம்புகளும் ஓடும், குழியும் நகரும். இதை முடிந்துபோன கதை என்று யாரும் ஒதுக்க முடியாது. நெய்வேலி நீர்ப்படுகைக்கு என்று தனிச் சட்டத்தில் ஒரு வாரியம் வேண்டும். அதில் நிறுவனமும் நீர்வளத் துறையும் மட்டுமல்லாமல், வாலாஜா, பெருமாள் ஏரிகளின் ஆயக்கட்டுதாரர்கள், குழியோரத்து ஊராட்சிகள், நிலமற்ற கூலிகள், ஒப்பந்தத் தொழிலாளர்கள் எல்லாருக்கும் வாக்குரிமையோடு இடம் வேண்டும். கிணறுகளின் மட்டத்தை அந்த வாரியமே அளந்து, மாதந்தோறும் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். அடுத்து எந்த வயலில் எந்தப் போகத்துக்குப் பிறகு இயந்திரம் இறங்கும் என்பதையும் அதுவே தீர்மானிக்க வேண்டும். ரைன்லாந்து இதைக் குழி ஆழமாகும் முன்பே செய்தது. நாம் எழுபது ஆண்டு தாமதித்துவிட்டோம், ஆனால் இரண்டாம் சுரங்கம் இன்னும் விரிந்துகொண்டிருக்கிறது.

(அடுத்த இதழில்: லவுஸிட்ஸின் மூடப்பட்ட குழிகள் ஏரிகளான கதை)